8,000 பில்லை 12,000 வரிசையில் தேடும் மேக்ரோ: ஃபைண்டா, டிக்‌ஷனரியா?

கேள்வி, ஜூலை 15, 2024

கொள்முதல் பதிவேட்டில் 8,000 பில் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய 2பி ஷீட்டில் (விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) 12,000 வரிசை. ஒவ்வொரு பில்லும் 2பி-யில் வந்திருக்கிறதா என்று பார்க்க ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் போட்டு மேக்ரோ எழுதினேன். ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிவதில்லை, "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எக்செல் வெளுத்துப்போய் நிற்கிறது. உள் லூப்பை எடுத்துவிட்டு, எக்செலின் தேடல் கட்டளையான ஃபைண்ட் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். 20-ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். ஃபைண்டுக்கு மாற்றட்டுமா?

ஜூலை 15, இரவு

வேகம் கூடும். ஆனாலும் மாற்றாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,000 பெருக்கல் 12,000 என்றால் 9 கோடியே 60 லட்சம் ஒப்பீடு. கிடைத்ததும் லூப்பிலிருந்து வெளியேறினாலும் பாதியாவது நடக்கும். ஒப்பிடுவது பெரிய வேலையே இல்லை. ஒவ்வொரு தடவையும் செல்ஸ்(ஐ, 2).வேல்யூ என்று கேட்கிறீர்களே, அதுதான் ஆளைக் கொல்கிறது. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ ஒரு பக்கம், ஷீட் மறுபக்கம். ஒவ்வொரு செல்லுக்கும் இங்கிருந்து அங்கே கேட்டு, பதில் வாங்கி வர வேண்டும். ஃபைண்ட் போட்டால் இந்தப் போக்குவரத்து 8,000 தடவையாகக் குறையும், அவ்வளவுதான். தேடல் ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழேதான் நடக்கும்.

2பி ஷீட் முழுவதையும் ஒரே வரியில், எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியன்ட் மாறி ஒன்றுக்குள் அள்ளிக்கொள்ளுங்கள்:

தரவு = ஷீட்.ரேஞ்ச்("ஏ2:எஃப்12001").வேல்யூ2

இதற்குப் பிறகு ஷீட்டைத் தொட வேண்டியதில்லை. தரவு(1, 1) என்பது முதல் வரிசை, முதல் நெடுவரிசை. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும், சுழியிலிருந்து அல்ல. ஒரே ஒரு நெடுவரிசையை எடுத்தாலும் இரண்டு பரிமாண அர்ரேதான் (நினைவகத்தில் இருக்கும் அட்டவணை) வரும், தரவு(5) என்று எழுதினால் பிழை. ரேஞ்ச் ஒரே செல்லாக இருந்தால் அர்ரேயே வராது, வெறும் மதிப்பு வரும். புது மாதத்தில் ஒரே ஒரு பில் வைத்துக்கொண்டு சோதிக்கிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

பிறகு ஸ்கிரிப்டிங்.டிக்‌ஷனரி ஒன்று. சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை உடனே எடுத்துத் தரும் பட்டியல் அது. 2பி-யை ஒரு தடவை நடந்து, "ஜிஎஸ்டிஐஎன் (பார்ட்டியின் ஜிஎஸ்டி பதிவெண்) + பில் எண்" என்ற சாவிக்கு வரிசை எண்ணைப் போட்டு வையுங்கள். அடுத்து பதிவேட்டை ஒரு தடவை நடந்து, அந்தச் சாவி இருக்கிறதா என்று எக்சிஸ்ட்ஸ் வைத்துக் கேளுங்கள். 12,000 கூட்டல் 8,000, மொத்தம் 20,000 நடை. முடிவுகளையும் இன்னொரு அர்ரேயில் சேர்த்துவைத்து, கடைசியில் ரீசைஸ் போட்டு ஒரே வீச்சில் ஷீட்டில் இறக்குங்கள். படிப்பதை அர்ரேயில் செய்துவிட்டு எழுதுவதைச் செல் செல்லாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிக் கிணறு.

வேல்யூவுக்குப் பதில் வேல்யூ2 எதற்கு என்றால், வேல்யூ தேதியைத் தேதி வகையாகவும் கரன்சி ஃபார்மட் போட்ட தொகையைக் கரன்சி வகையாகவும் மாற்றிக் கொடுக்கும். கரன்சி வகையில் நான்கு தசமத்துக்கு மேல் நிற்காது. வேல்யூ2 உள்ளே இருப்பதை அப்படியே தரும், வேகமும் கொஞ்சம் கூடுதல்.

ஜூலை 16, காலை

"இல்லை, எனக்கு ஃபைண்ட்தான் வேண்டும், ஒரே ஒரு எண்ணைத் தேடத்தான்" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயம். ஒன்றைத் தேட அர்ரே, டிக்‌ஷனரி எல்லாம் கட்ட வேண்டாம். ஆனால் ஃபைண்டிடம் சில குணங்கள் உண்டு, தெரிந்துகொண்டு பழகுங்கள்.

லுக்இன் (எதில் தேடுவது), லுக்அட் (முழுச் செல்லா, பகுதியா), சர்ச்ஆர்டர் (எந்த வரிசையில்) இவற்றை நீங்கள் எழுதாவிட்டால், கடைசியாக என்ன இருந்ததோ அதையே அது எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோல் எஃப் பெட்டியில் யாராவது "முழு செல்லும் பொருந்த வேண்டும்" என்று டிக் போட்டிருந்தால் அதுவும் மேக்ரோவுக்குள் வந்துவிடும். உங்கள் கணினியில் நன்றாக ஓடிய மேக்ரோ பக்கத்து சீட்டில் வேறு விடை சொல்வது இதனால்தான். அது செய்வினை இல்லை. பில் எண் தேடும்போது லுக்அட் எக்ஸ்எல்ஹோல் என்று எழுதியே ஆக வேண்டும். எக்ஸ்எல்பார்ட் இருந்தால் 15-ஐத் தேடப்போய் 115-ஐப் பிடித்துக்கொண்டு வரும்.

லுக்இன் எக்ஸ்எல்வேல்யூஸ் என்றால் அது பார்ப்பது செல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. 1500 என்ற தொகை 1,500.00 என்று காட்டப்பட்டிருந்தால், முழுப் பொருத்தத்தில் 1500 கிடைக்காது. நெடுவரிசை குறுகலாகி #### என்று தெரிந்தாலும் கிடைக்காது. மறைத்துவைத்த வரிசைகளையும் தாண்டிப் போய்விடும். ஃபில்டர் போட்டு வைத்திருந்த ஷீட்டில் மேக்ரோ ஓட்டிவிட்டு "இந்த பில் 2பி-யில் வரவே இல்லை" என்று பார்ட்டிக்கு போன் போட்டுச் சத்தம் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பார்ட்டி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் அமைதியானார்.

ஆஃப்டர் என்பதில் கொடுக்கும் செல்லுக்கு அடுத்ததிலிருந்துதான் தேடல் தொடங்கும். அதை எழுதாமல் விட்டால் ரேஞ்சின் முதல் செல் கடைசியாகத்தான் பார்க்கப்படும். முதல் செல்லிலிருந்தே தேட வேண்டுமென்றால் ஆஃப்டருக்குக் கடைசி செல்லைக் கொடுங்கள்.

கிடைக்காவிட்டால் நத்திங் வரும். அதைச் சோதிக்காமல் .ரோ என்று கேட்டால் பிழை 91.

ஜூலை 16, மதியம்

மேக்கில் டிக்‌ஷனரி இல்லையா என்ற கேள்விக்கு: இல்லை, ஸ்கிரிப்டிங் ரன்டைம் விண்டோஸ் சரக்கு. மேக்கில் கலெக்‌ஷன் வைத்து ஒப்பேற்றலாம். சாவி எழுத்துச்சரமாகத்தான் இருக்க வேண்டும், எக்சிஸ்ட்ஸ் கிடையாது. இல்லாத சாவியைக் கேட்டால் பிழை 5 வரும், அதைப் பிடித்துத்தான் "இல்லை" என்று தெரிந்துகொள்ள வேண்டும். அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

ஜூலை 16, இரவு

அடுத்த பொருத்தத்தைத் தேடும் ஃபைண்ட்நெக்ஸ்ட் பற்றி காலையில் எழுத விட்டுப்போனது. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் கிடைத்த செல்லுக்கு சி என்று பெயர் வைத்து, லூப்பின் கடைசி வரி "சி நத்திங் இல்லை, மற்றும் சி.அட்ரஸ் முதல் முகவரி இல்லை, அதுவரை" என்ற பொருளில் ஆண்ட் போட்டு இருக்கும். விபிஏவில் ஆண்ட் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் விடை சொல்லும். முதல் பாதி பொய் என்று தெரிந்தாலும் நிற்காது. லூப்புக்குள் கிடைத்த செல்லின் மதிப்பை நீங்கள் மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் தேட ஒன்றும் மிஞ்சாமல் சி நத்திங் ஆகும், அந்த வரியிலேயே 91 வாங்கி விழும். நத்திங் சோதனையைத் தனி இஃப் ஆக்கி, அங்கேயே எக்ஸிட் டூ போடுங்கள்.

ஜூலை 17, காலை

கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மேக்ரோ கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறதாம். ஆனால் 8,000-இல் பாதிக்கு மேல் "இல்லை" என்கிறதாம், கண்ணால் பார்த்தால் 2பி-யில் இருக்கிறதாம்.

எதிர்பார்த்ததுதான். நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். பனியன் யூனிட்டுகளின் கணக்கு என்றால் நூல் பில்லைவிட ஜாப் வொர்க் பில்தான் குவியும். சாயப்பட்டறை, பிரிண்டிங், ஸ்டிச்சிங், காஜா பட்டன், எல்லாமே சின்னச் சின்ன ஆட்கள். பில் புத்தகத்தில் கையால் எழுதிய எண் 0045 என்று இருக்கும். யூனிட்டில் பதிவு போடும் பையன் 45 என்று அடிப்பான். அந்த ஜாப் வொர்க்காரரின் ஆடிட்டர் தளத்தில் ஏற்றியது 45/24-25. மூன்றும் ஒரே பில். பில் எண்ணில் 16 எழுத்து வரை இருக்கலாம், எழுத்தும் எண்ணும் கோடும் சாய்கோடும் வரலாம் என்று ஜிஎஸ்டி விதி 46 சொல்கிறது. அதற்குள் ஆளுக்கொரு பாணி.

அதற்கும் முன்னால் இருப்பது வகைப் பிரச்சினை. டிக்‌ஷனரிக்கு 45 என்ற எண் வேறு, "45" என்ற எழுத்து வேறு. ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருந்தால் ஒன்றும் பொருந்தாது, செல்லில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே சாவியைக் கட்டும்போதே சிஎஸ்டிஆர் போட்டு எழுத்தாக்கிவிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்துக்கு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் யூகேஸ். கம்பேர்மோடைக் கொண்டும் செய்யலாம், ஆனால் முதல் சாவியைப் போடும் முன்பே அதை அமைக்க வேண்டும், பிறகு மாற்றவிடாது.

அப்புறம் இடைவெளி. ட்ரிம் போட்டும் போகாத இடைவெளி ஒன்று உண்டு, எழுத்து எண் 160. வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்த தரவில் ஒட்டிக்கொண்டு வரும். லென் போட்டுப் பார்த்தால் 15 இருக்க வேண்டிய ஜிஎஸ்டிஐஎன் 16 காட்டும். ரீப்ளேஸ் வைத்து சிஹெச்ஆர்டபிள்யூ(160)-ஐ வெற்றாக மாற்றிவிட்டு அப்புறம் ட்ரிம். ஜிஎஸ்டிஐஎன் எப்போதும் 15 எழுத்துதான், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். 15 இல்லாத வரிசைகளை முதலில் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். பாதி மர்மம் அங்கேயே தீரும்.

இன்னொன்று மேக்ரோவால் சரிசெய்யவே முடியாதது. 12-5 என்று பில் எண்ணை அடித்ததும் எக்செல் அதை மே 12 என்று எடுத்துக்கொள்ளும். வேல்யூ2-வில் பார்த்தால் 45424 என்று இருக்கும், அதுவும் 2024-இல் அடித்திருந்தால். 5இ10 என்ற பில் எண் 5-க்குப் பின்னால் பத்து சுழி போட்ட எண்ணாகிவிடும். உள்ளே போனதே கெட்டுப்போன பிறகு தேடி என்ன செய்ய? அடிக்கும் முன்னால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபார்மட்டில் வைப்பது ஒன்றுதான் வழி.

ஜூலை 17, பின்னிரவு

காலைக் குறிப்பைப் படித்துவிட்டு, "கோடு, சாய்கோடு, முன்சுழி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டேன், பிரமாதம்" என்கிறார் ஒருவர். பிரமாதம்தான், ஆனால் ஆபத்தும் உண்டு. 1/11 என்ற பில்லும் 11/1 என்ற பில்லும் கோட்டை எடுத்துவிட்டால் 111 ஆகும். இரண்டும் ஒரே பார்ட்டியுடையதாக இருந்தால் எதற்கு எது என்று யார் சொல்வது? ஏப்ரலில் பில் புத்தகத்தை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறவர்களுக்கு, போன வருடத்து 45-உம் இந்த வருடத்து 45-உம் ஒன்றாகிவிடும். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள்தான் தனித்து இருக்க வேண்டும், ஆகவே சாவியில் நிதியாண்டையும் சேருங்கள்.

நான் செய்வது இரண்டு சுற்று. முதல் சுற்றில் வகை, இடைவெளி, எழுத்தளவு மட்டும் சுத்தம் செய்த கண்டிப்பான சாவி. அதில் பொருந்தியவை முடிந்தன. மிஞ்சியதற்கு மட்டும் இரண்டாம் சுற்று: தளர்த்திய சாவி, கூடவே வரித்தொகை ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டாம் சுற்றில் பொருந்தியதை "பொருந்தியது" என்று எழுத மாட்டேன், "பார்க்கவும்" என்று எழுதுவேன். வேகமாகத் தப்பு சொல்லும் மேக்ரோவைவிட, டீ குடிக்க விட்ட பழைய லூப் எவ்வளவோ தேவலை. அதாவது சரியாகவாவது சொல்லும்.

சாவியின் பகுதிகளுக்கு நடுவே, பில் எண்ணில் வராத | குறியைப் போட்டு ஒட்டுங்கள். போடாவிட்டால் பில் எண் எங்கே முடிகிறது, ஆண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வேறு இரண்டு பில்கள் ஒரே சாவியாக வாய்ப்பு உண்டு.

ஜூலை 19

ஆளாளுக்கு ஸ்கிரீன்அப்டேட்டிங் ஃபால்ஸ் (திரை மாறுவதை நிறுத்த), கால்குலேஷன் மேனுவல் (தானாகக் கணக்கிடுவதை நிறுத்த) என்று முதல் வரியில் எழுதுகிறார்கள். பிள்ளையார் சுழி மாதிரி ஆகிவிட்டது. போடுவதில் தப்பில்லை. ஆனால் அர்ரேயில் தேடும் மேக்ரோ ஷீட்டைத் தொடுவதே மூன்று தடவை, அதில் திரையை நிறுத்தி என்ன மிச்சம்? செலக்ட், ஆக்டிவேட் என்று ரெக்கார்டர் எழுதிக்கொடுத்த மேக்ரோவுக்குத்தான் அது மருந்து. அந்த மேக்ரோவிலும் முதலில் செய்ய வேண்டியது செலக்டை எடுப்பது.

கால்குலேஷன் மேனுவல் விஷயத்தில் கவனம். அது உங்கள் ஃபைலுக்கு மட்டுமான அமைப்பு இல்லை, எக்செல் முழுவதற்கும். நடுவில் பிழை வந்து மேக்ரோ நின்றுபோனால் அப்படியே மேனுவலில் கிடக்கும். பக்கத்தில் திறந்திருக்கும் சம்பள ஷீட்டில் தொகையை மாற்றுவீர்கள், மொத்தம் மாறாது. ஆன் எரர் கோடூ போட்டு, பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்புகிற வரியில் போய் முடியும்படி எழுதுங்கள்.

ஜூலை 21

3பி எல்லாம் போட்டாச்சு, இப்போது நிதானமாக.

"பவர் க்வெரியில் மெர்ஜ் (இரண்டு பட்டியலை இணைப்பது) போட்டால் முடிந்தது, 2024-இல் யாராவது மேக்ரோ எழுதுவார்களா?" என்று ஒருவர். எழுதுகிறோம் ஐயா. 2016 முதல் பவர் க்வெரி எக்செலுக்குள்ளேயே இருக்கிறது, நல்ல கருவி. மாதாமாதம் ஒரே அமைப்பில் ஃபைல் வந்தால் நான்கூட அதைத்தான் சொல்வேன். மெர்ஜ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆனால் "முதலில் கண்டிப்பாக, மிஞ்சியதற்குத் தளர்வாக, அதிலும் தொகை பார்த்து" என்று படிப்படியாகப் போக எனக்கு மேக்ரோதான் கைக்கு அடங்குகிறது. பழக்கம் என்றும் சொல்லலாம்.

டிக்‌ஷனரியே பிடிக்காதவர்களுக்கு: அப்ளிகேஷன்.மேட்ச். 8,000 தடவை கூப்பிட்டாலும் நீங்கள் எழுதும் இரட்டை லூப்பைவிடப் பன்மடங்கு வேகம், ஏனென்றால் தேடல் எக்செலின் உள்ளேயே நடக்கிறது. வொர்க்‌ஷீட்ஃபங்ஷன்.மேட்ச் என்று எழுதாதீர்கள். அது கிடைக்காதபோது 1004 பிழை எறிந்து மேக்ரோவை நிறுத்தும். அப்ளிகேஷன்.மேட்ச் பிழை மதிப்பைத் திருப்பித் தரும், இஸ்எரர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தரவு வரிசைப்படுத்தியதாக இருந்தால் கடைசி வாதமாக 1 கொடுங்கள், பாதி பாதியாக வெட்டித் தேடும். 10,48,576 வரிசை நிரம்பிய ஷீட்டிலும் இருபது சொச்சம் ஒப்பீட்டில் முடிந்துவிடும். அந்த முறை கிட்டத்தட்டப் பொருந்துவதையும் தந்துவிடும். வந்த வரிசையில் உள்ளது நாம் கேட்டதுதானா என்று இன்னொரு தடவை ஒப்பிட வேண்டும்.

ஜூலை 28

தடம் மாறுகிறது, பரவாயில்லை. பார்ட்டி பெயரைத் தமிழில் வைத்திருக்கும் ஒருவர், மேக்ரோவுக்குள் "ஸ்ரீ முருகன்" என்று அடித்தால் வெறும் கேள்விக்குறிகளாக மாறுகிறது என்கிறார். விபிஏ எடிட்டர் யூனிகோடு தெரியாத பழைய மனிதர். தேட வேண்டிய பெயரைக் கோடில் எழுதாமல் ஷீட்டில் ஒரு செல்லில் வைத்து அங்கிருந்து படியுங்கள். மாறிகளுக்குள் தமிழ் ஒழுங்காகவே இருக்கும், எடிட்டரால் காட்டத்தான் முடியாது. எம்எஸ்ஜிபாக்ஸிலும் கேள்விக்குறிதான் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. "கொ" என்பதை க, ொ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, டிக்‌ஷனரிக்கு இரண்டும் வேறு. சாவி கட்டும் முன், யூனிகோடு எண்ணில் 3014-உம் 3006-உம் அடுத்தடுத்து வந்தால் 3018 ஆக மாற்றுங்கள். 3015, 3006 என்றால் 3019. "ஸ்ரீ"யும் அப்படியே. 3000-த்தில் தொடங்கும் ஸ் போட்டும் எழுதுகிறார்கள், 2998-இல் தொடங்கும் ஶ் போட்டும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். கொங்கு நாட்டில் பார்ட்டி பட்டியலில் பாதிக்கு மேல் ஸ்ரீ என்றுதான் தொடங்கும், ஆகவே இது சின்ன விஷயம் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். என்னைக் கேட்டால், பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. ஜிஎஸ்டிஐஎன் எதற்கு இருக்கிறது?

ஆகஸ்ட் 2

டிக்‌ஷனரி.கவுண்ட் 2பி-யின் வரிசை எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வருகிறது என்று குழம்பியவருக்கு: எக்சிஸ்ட்ஸ் கேட்காமல் நேராக டி(சாவி) என்று எடுத்திருப்பீர்கள். இல்லாத சாவியைக் கேட்டால் அது காலியாக ஒன்றை உண்டாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் அதே சாவி "இருக்கிறது" என்றும் சொல்லும்.

குறைவாக வந்தால் வேறு கதை. 5 சதவீதச் சரக்கும் 18 சதவீதச் சரக்கும் சேர்ந்த பில் இரண்டு வரிசையாக இருக்கும், இரண்டாவது முதலாவதை மேலெழுதிவிடும். தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆகஸ்ட் 16

ஜூலைக்கான 2பி 14-ஆம் தேதி வந்துவிட்டது. கேட்டவரின் பட்டியலில் இரண்டு சுற்றுக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறதாம், மேக்ரோவில் இன்னும் என்ன குறை என்கிறார். மேக்ரோவில் குறை இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்னப் பார்ட்டிகள் முதல் இரண்டு மாதத்து பில்களை ஐஎஃப்எஃப்-இல் (பில்களை மட்டும் முன்கூட்டி ஏற்றும் வசதி) 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம், கட்டாயம் இல்லை. ஏற்றாவிட்டால் அவர்களுடைய ஜூலை பில் செப்டம்பர் மாதத்து 2பி-யில்தான் தலைகாட்டும், அது வருவது அக்டோபர் 14-இல். ஆகவே "இல்லை" என்று வந்ததைத் தூக்கிப்போடாமல் நிலுவை என்று தனி ஷீட்டில் வைத்து, ஒவ்வொரு மாதமும் புதுப் பதிவேட்டோடு அதையும் சேர்த்து ஓட்டுங்கள். டிக்‌ஷனரிக்கு இன்னும் ஐந்நூறு சாவி ஒரு பொருட்டே இல்லை. நிலுவையில் ஒரு நெடுவரிசையில் பில் தேதியும், இன்னொன்றில் பார்ட்டி மாதாந்திரமா காலாண்டா என்பதும் இருக்கட்டும். மாதாந்திரக்காரர் என்று போட்டும் வராத பில்லுக்கு மட்டும் போனை எடுங்கள்.